புதுப்பிப்பு: தொட்டபெட்டாவில் உயரத்தைக் குறைத்துக் காட்டிய வாட்ச்

மேட்டுப்பாளையத்தில் உயரத்தைச் சரியாக வைத்துவிட்டுக் கிளம்பியும், 2637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா உச்சியில் என் வாட்ச் 2505 என்று காட்டியது, சென்சார் பழுதா என்று போன வாரம் கேட்டிருந்தேன் அல்லவா, பழுதே இல்லை.

வாட்ச் உயரத்தை அளப்பதில்லை, காற்றழுத்தத்தை அளந்து கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கில் கடல் மட்டத்தில் 15 டிகிரிதான் வெப்பம். நம் ஊர்க் காற்று அதைவிட எவ்வளவோ சூடு, சூடான காற்று விரிந்து நிற்பதால் மேலே ஏற ஏற அழுத்தம் மெதுவாகத்தான் குறையும், அதனால் நாம் ஏறியதைவிடக் குறைவாக ஏறியதாக வாட்ச் நினைத்துக்கொள்கிறது. காற்று அந்தக் கணக்கைவிட மூன்று டிகிரி சூடாக இருந்தால், ஏறிய உயரத்தில் ஏறக்குறைய ஒரு சதவீதம் பிழை. கணக்கு அப்படியே பொருந்துகிறது!

அப்புறம், வீட்டு மேசையில் வாட்சை நாள் முழுக்க அசையாமல் வைத்துப் பார்த்தேன். காலை பத்து மணியைவிட மாலை நாலு மணிக்கு முப்பது மீட்டர் கூடுதலாகக் காட்டியது. வெப்பமண்டலத்தில் அழுத்தம் தினமும் இப்படி ஏறி இறங்குவது வழக்கம், அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) குறைந்தாலே வாட்ச் காட்டும் உயரம் எட்டு மீட்டருக்கு மேல் கூடிவிடும். புயல் நேரத்தில் இன்னும் மோசம்.

இனி வழியில் உயரம் எழுதிய ரயில் நிலையப் பலகை எதைக் கண்டாலும் நின்று திருத்திக்கொள்ளப் போகிறேன். வாட்சைத் திருப்பிக் கொடுக்கவில்லை.