போல்க்கின் போர்ச் செய்தியை வகுப்பில் கொடுத்தேன். ஒரு கேள்வி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை

சாக்பீஸ்:
அமெரிக்க–மெக்சிகோ போர்ப் பாடம். பாடநூலை மூடச் சொல்லிவிட்டு, அமெரிக்க அதிபர் போல்க் 1846 மே 11 அன்று காங்கிரசுக்கு அனுப்பிய செய்தியில் ஒரு பத்தியை மட்டும் கொடுத்தேன். மெக்சிகோ எல்லை தாண்டி வந்து அமெரிக்க மண்ணில் அமெரிக்க ரத்தம் சிந்திவிட்டது என்று வருமே, அதுதான். போர் நியாயமா என்று கேட்டதும் வகுப்பே கை தூக்கியது. அப்புறம் வரைபடத்தை விரித்தேன். எல்லை நியூசெஸ் ஆறு என்றது மெக்சிகோ, ரியோ கிராண்டே என்றது அமெரிக்கா. ரத்தம் சிந்திய இடம் இரண்டுக்கும் நடுவில். கடைசி வரிசைப் பெண் ஒருத்தி தாளை நான்காக மடித்து என் மேசையில் வைத்தாள். "வரைபடம் உங்ககிட்ட முதல்லயே இருந்துச்சுல்ல டீச்சர்?"

இருந்தது. வேண்டுமென்றேதான் மறைத்தேன். செய்தது சரியா என்று இன்றும் தெரியவில்லை.

ஆற்றோரம்:
மறைத்ததில் தப்பில்லை. வரைபடத்தோடு நிறுத்தியதுதான் எனக்கு ஒப்பவில்லை. மெக்சிகோ பேசவே இல்லையே! நான் மெக்சிகோ அதிபர் பரேதெஸின் ஏப்ரல் 23 அறிக்கையையும் சேர்த்துக் கொடுத்தேன். மோதல் நடந்தது 25ஆம் தேதி. "அப்ப மெக்சிகோதான் முதல்ல ஆரம்பிச்சிருக்கு" என்று ஒரு பையன் எழுந்தே விட்டான். அந்த அறிக்கையில் 'தற்காப்புப் போர்' என்றிருந்ததை அவன் கவனிக்கவில்லை. தேதிகளை விரல் வைத்துப் பின்னோக்கிப் படிக்கச் சொன்னேன். அமெரிக்கத் தளபதி டெய்லரின் படை, ரியோ கிராண்டே கரையிலுள்ள மெக்சிகோ ஊரான மாத்தமோரோசுக்கு எதிர்க்கரையில் வந்து நின்ற மார்ச் மாதத்துக்கு வந்ததும் விரல் அப்படியே நின்றுவிட்டது.

பழைய நோட்டு:
என்னுடையது சின்ன அனுபவம். போல்க்கின் நாட்குறிப்பு, மே 9. போர் கேட்டுச் செய்தி அனுப்புவது என்று அமைச்சரவையில் பகலிலேயே பேசி முடிகிறது. மோதல் நடந்த தகவல் மாலையில்தான் வந்து சேர்கிறது. படித்து முடித்ததும் வகுப்பில் சத்தமே இல்லை.

சாக்பீஸ், அடுத்த முறை முதல் தாளைக் கொடுக்கும்போதே "இதை நம்ப இன்னும் எது வேண்டும்?" என்று எழுதச் சொல்லுங்கள். யாராவது வரைபடம் கேட்டால் உடனே கொடுத்துவிடுங்கள். அப்போது நீங்கள் மறைத்ததாக ஆகாது. போரை முடித்த 1848 குவாடலூப்பே இடால்கோ ஒப்பந்தத்தையும் விடாதீர்கள். அமெரிக்கா மெக்சிகோவுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட 1.5 கோடி டாலர் தொகையை விட, அமெரிக்க செனட் நீக்கிய 10ஆம் பிரிவுதான் முக்கியம். மெக்சிகோ வழங்கியிருந்த நில உரிமைகளைப் பற்றியது அது. அந்தப் பிரிவை முழுதாக அச்சிட்டு, அதன் குறுக்கே ஒரு கோடு கிழித்துக் கொடுங்கள். ரத்தம் சிந்திய இடம் எது என்று 1847 டிசம்பரில் லிங்கன் கேட்ட தீர்மானத்தை மட்டும் கடைசிக்கு வையுங்கள். அவர் அப்போது எதிர்க்கட்சியான விக் கட்சிக்காரர். பெயரைப் பார்த்ததுமே பிள்ளைகள் அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள்.