பழைய முக்கால் டன் பிக்கப்: டீசலா, பெட்ரோலா? மூன்று வண்டிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க உதவி தேவை

மணல்வழி:

வணக்கம். நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் சான் ஹோசேயில் வசிக்கிறோம். மொஹாவே ரோடு, டெத் வேலியின் ரேஸ்டிராக், யூட்டாவின் ஒயிட் ரிம் போன்ற மண் பாதைகளில் நான்கைந்து நாள் தங்கிவரத் தோதாக ஒரு பழைய பிக்கப்பைத் தயார் செய்ய ஆசை. (முக்கால் டன் என்பது வகைப் பெயர்தான், சுமக்கும் அளவு அல்ல.) பாறை ஏறும் சாகசம் நோக்கமில்லை. பின்பெட்டியில் கூரை உயர்த்தும் கேம்பர் (படுத்துறங்கும் கூண்டு), 20 காலன் தண்ணீர், ஃபிரிட்ஜ், முன்னால் வின்ச் (புதைந்த வண்டியை இழுத்தெடுக்கும் கயிற்று உருளை). வண்டி, வேலை எல்லாம் சேர்த்து 18,000 டாலருக்குள் முடிக்க வேண்டும்.

மூன்று வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது 2002 ஃபோர்டு எஃப்-250, 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசல். உரிமையாளர் எஞ்சின் திறனைக் கூட்டும் சிப் பொருத்திப் புகைக்குழாயையும் மாற்றியிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தது. இரண்டாவது 2001 டாட்ஜ் ராம் 2500, 24 வால்வு கம்மின்ஸ் டீசல். யாரோ 4 அங்குலம் உயர்த்தி 35 அங்குல டயர் மாட்டியிருக்கிறார்கள். 50 மைல் வேகத்தில் பாலத்து இணைப்பில் ஏறி இறங்கியதும் ஸ்டீயரிங் கையைவிட்டுப் பிடுங்குவதுபோல் உதறியது. வேகத்தை 30-க்குக் குறைத்த பிறகுதான் நின்றது. டயர் பேலன்ஸ் செய்தால் போய்விடும் என்கிறார் விற்பவர். மூன்றாவது 2005 செவ்ரோலே சில்வராடோ 2500எச்டி, 6.0 லிட்டர் பெட்ரோல். ஓட்டிப் பார்த்ததில் குறை தெரியவில்லை. ஆனால் முன்சக்கரங்களுக்கு ஒரே ஆக்சில் இல்லை, தனித்தனி சஸ்பென்ஷன். ஆவணங்களின்படி முதல் சில ஆண்டுகள், குளிர்காலத்தில் சாலைகளில் உப்பு தூவும் ஒஹாயோவில் ஓடியிருக்கிறது.

மனம் டீசல் பக்கமே இழுக்கிறது. உங்கள் கருத்து என்ன?

நெவாடா தமிழன்:

எஞ்சினைப் பற்றிப் பிறகு பேசலாம். வண்டி எவ்வளவு சுமக்கும் என்பதை முதலில் பாருங்கள். நீங்கள் சொன்னவற்றைக் கூட்டினேன். நான்கு பேர், துணிமணியோடு 600 பவுண்ட். கேம்பர் 1,100. தண்ணீர் 170. ஃபிரிட்ஜ், பேட்டரி, சாப்பாடு, கருவிகள் 300. இரும்பு பம்பரும் வின்ச்சும் 250. ஆக 2,420 பவுண்ட்.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒரு வில்லை ஒட்டியிருக்கும். ஜிவிடபிள்யூஆர் எனப்படும் மொத்த எடை வரம்பு அதில் இருக்கும். அந்தக் காலத்து எஃப்-250-க்கு 8,800 பவுண்ட், சில்வராடோ 2500எச்டி-க்கு 9,200. டேங்கை நிரப்பி, லாரிகள் நிற்கும் இடங்களில் உள்ள எடைமேடையில் வண்டியை ஏற்றுங்கள். வரம்பிலிருந்து அந்த எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் உங்களுக்குச் சொந்தம். அந்தக் கம்மின்ஸ் எஞ்சின் மட்டுமே ஆயிரம் பவுண்டுக்கு மேல். அத்தனையும் முன் ஆக்சில்மீது உட்கார்ந்திருக்கிறது. இளமணலில் முதலில் புதைவது அந்த முன்பக்கம்தான்.

ரேஸ்டிராக் போகும் 27 மைல் பாதையில் 15 மைல் வேகத்தைத் தாண்ட மாட்டீர்கள். அங்கே டீசலின் இழுவிசை உங்களுக்கு எதற்கு? கனமான டிரெய்லரை இழுத்துக்கொண்டு மலை ஏறுபவருக்கு டீசல் வாங்கச் சொல்வேன். உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

பழைய டீசல்:

முந்தைய பதிலோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. நேவிஸ்டார் தயாரித்த 7.3 இன்னும் நாடு முழுக்க ஓடிக்கொண்டிருப்பது காரணமில்லாமல் இல்லை. 2007-இலிருந்து வந்த டீசல்களில் இருக்கும் துகள் வடிகட்டி இதில் கிடையாது. கந்தகம் மிகுந்த டீசல் கிடைக்கும் ஊர்களுக்கும் துணிந்து போகலாம். தெற்கே நாடு நாடாகப் போகும் எண்ணம் இருந்தால் இதைத்தான் பரிந்துரைப்பேன்.

ஆனால் இந்தக் குறிப்பிட்ட வண்டியை வாங்க வேண்டாம். கலிபோர்னியாவில் 1997 வரையிலான டீசல்களுக்குத்தான் புகைப் பரிசோதனையிலிருந்து விலக்கு. 1998 முதல் வந்தவை, 14,000 பவுண்டுக்குள் இருந்தால், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும். காற்றுவள வாரியத்தின் விலக்கு எண் இல்லாத சிப்பைக் கண்ணால் பார்த்தவுடனே தோல்வி என்று எழுதிவிடுவார்கள். பெயர் மாற்றத்துக்கு முன் தேர்ச்சிச் சான்றிதழ் தர வேண்டியது விற்பவர் பொறுப்பு. கேட்டுப் பாருங்கள், என்ன சொல்கிறார் என்று.

எஞ்சின் சூடாக இருந்தது என்கிறீர்களே, அதையும் லேசாக விடாதீர்கள். பழைய டீசலின் உடல்நிலை காலையில் முதல்முறை சாவி திருப்பும்போதுதான் தெரியும். முன்கூட்டியே சூடாக்கி வைத்தால் குளோ பிளக் (குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பச் சூடாக்குவது), இன்ஜெக்டர் (டீசலைப் பீச்சுவது) குறைகள் மறைந்துவிடும்.

வேலூர் ரெஞ்சு:

ராமைப் பற்றி மட்டும் சொல்கிறேன். டயர் பேலன்ஸ் சரியில்லாவிட்டால் அந்த உதறலைத் தூண்டிவிடலாம். ஆனால் தேய்ந்த இணைப்பு ஒன்று இல்லாமல் இந்த அளவுக்கு வளராது. ஒரே ஆக்சில் உள்ள முன்பக்கங்களுக்கு இது பழகிய நோய். முதல் சந்தேகம் டிராக் பார்மீது. சேசிஸையும் ஆக்சிலையும் குறுக்காக இணைக்கும் கம்பி அது.

சோதிப்பது எளிது. வண்டியைத் தரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை ஓடவிடுங்கள். ஒருவர் ஸ்டீயரிங்கைக் கடிகார முள்ளின் பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் இடையே இப்படியும் அப்படியும் ஆட்டட்டும். நீங்கள் டார்ச்சோடு முன்பக்கத்தின் கீழே பாருங்கள். அந்த ஆண்டு ராமில் கம்பியின் சேசிஸ் பக்க முனையில் பால் ஜாயின்ட் (கிண்ணத்துக்குள் திரும்பும் உருண்டை மூட்டு) இருக்கும். ஆக்சில் அசையும் முன் அந்த முனை கிண்ணத்துக்குள் பக்கவாட்டில் நழுவினால் அது தேய்ந்துவிட்டது. அடுத்து மேல், கீழ் பால் ஜாயின்ட்களைப் பாருங்கள். ஸ்டீயரிங் உதறலைத் தணிக்கும் டேம்பர் மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தால் யாரோ நோயை மறைக்கப் பார்த்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் சரிசெய்துவிடலாம். பெரிய செலவு எஞ்சின் பக்கம் காத்திருக்கிறது. 24 வால்வு எஞ்சினுக்குள் டீசலை அழுத்தத்தோடு செலுத்தும் விபி44 பம்ப், அதற்கு டீசலை ஏற்றித் தரும் சிறிய லிஃப்ட் பம்ப் சோர்ந்தால் சேர்ந்து சாகும். எரிபொருள் அழுத்தமானி இல்லாத வண்டி என்றால் நான் நகர்ந்துவிடுவேன். பிளாக்கின் பக்கவாட்டில் 53 என்ற எண் வார்க்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த வார்ப்புகளில் விரிசல் விட்டுக் கூலன்ட் கசிவது தெரிந்த கதை.

மணல்வழி:

அனைவருக்கும் நன்றி. முதல், மூன்றாம் வண்டிகளை எடைபோட்டேன். இரண்டு விற்பனையாளர்களும் மறுக்கவில்லை. ஆளில்லாமல், டேங்க் நிரம்பிய நிலையில் எஃப்-250 6,940 பவுண்ட், சில்வராடோ 6,080. மிஞ்சுவது முதலாவதில் 1,860, மூன்றாவதில் 3,120. சுமை 2,420 என்னும்போது பேச்சுக்கே இடமில்லை. புகைச் சான்றிதழ் கேட்டதும் டீசல்காரர் விலையைக் குறைக்க முன்வந்தார். சான்றிதழைப் பற்றி வாய் திறக்கவில்லை. ராமின் டிராக் பார் முனை கண்ணுக்குத் தெரிந்தே நழுவியது.

சில்வராடோவின் கையுறைப் பெட்டிக்குள் குறியீட்டு ஸ்டிக்கர் இருக்கிறது. அதில் ஜி80, ஜிடி4 இரண்டும் தெரிகின்றன. கீழே படுத்துப் பார்த்தபோது சேசிஸில் மேலோட்டமான துருதான். ஆனால் ஓட்டுநர் பக்கம் பிரேக் குழாய்களைப் பிடித்திருக்கும் கிளிப்களில் பொருக்குப் பொருக்காகத் துரு உதிர்கிறது. இதற்காக விட்டுவிடலாமா?

நெவாடா தமிழன்:

விடாதீர்கள். ஆனால் அந்தக் குழாய்களோடு மலைப்பாதையில் இறங்கவும் இறங்காதீர்கள். கிளிப்களில் உப்பும் மண்ணும் தங்கி உள்ளிருந்து அரிக்கும். ஒட்டுப் போடாமல் முன்னிருந்து பின்வரை நிக்கல்-தாமிரக் குழாயாக மாற்றிவிடுங்கள். அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். கிளிப்பைக் காட்டினால் மறுத்துப் பேச முடியாது. சேசிஸ் முழுவதையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். எங்காவது ஒலி மந்தமாகக் கேட்டாலோ தகடு உதிர்ந்தாலோதான் திரும்பி வர வேண்டும்.

ஜி80 என்றால் பின் ஆக்சிலில் தானாகப் பூட்டிக்கொண்டு இரு பின்சக்கரங்களையும் சேர்ந்து சுழல வைக்கும் லாக்கர். உங்கள் பாதைகளுக்கு அதுவே போதும். ஜிடி4 என்பது ஆக்சிலின் 3.73 கியர் விகிதம். 285/75ஆர்16 அளவு டயரோடு நிறுத்திக்கொண்டால் விகிதத்தை மாற்ற வேண்டியதில்லை. கிட்டத்தட்ட 33 அங்குலம் வரும். அதிகச் சுமை தாங்கும் ஈ தர டயராகப் பார்த்து வாங்குங்கள். ரேஸ்டிராக் பாதையின் கூர்ங்கற்கள் மெல்லிய பக்கச்சுவரைக் கிழித்துவிடும்.

வேலூர் ரெஞ்சு:

முன்பக்கத்தை உயர்த்துகிறேன் என்று, அங்கே ஸ்பிரிங்காக வேலை செய்யும் டோர்ஷன் பாரை அளவுக்கு மீறி முறுக்க வேண்டாம். முன்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சிவி ஜாயின்ட்கள் சாய்ந்து ரப்பர் உறை கிழியும். இந்தச் சஸ்பென்ஷனில் முதலில் தேய்வது ஸ்டீயரிங்கைச் சக்கரங்களோடு இணைக்கும் ஐட்லர் ஆர்ம், பிட்மன் ஆர்ம், டை ராட் முனைகள். குழாய் வேலைக்கு வண்டி மேலே ஏறும்போதே அவற்றையும் மாற்றச் சொல்லுங்கள். கழற்றியதில் நல்ல நிலையில் உள்ள டை ராட் ஒன்றை இருக்கைக்கு அடியில் வையுங்கள்.

இன்னொன்று: கேபினில் நான்கு கதவும் பின்பெட்டி குட்டையும் என்றால் டேங்க் 26 காலன்தான். மணலில் காலனுக்கு 8 மைல் என்று வைத்தாலும் 200 மைலைத் தொட்டுவிடும். மொஹாவே ரோட்டின் 140 மைல் சொச்சத்துக்கு அது போதும். வழி தவறித் திரும்பிவர நேர்ந்தால் போதாது. இரண்டு 5 காலன் கேன்களுக்கு இப்போதே இடம் ஒதுக்கிவிடுங்கள். பெட்ரோல் காலனுக்கு 6 பவுண்ட் என்று எடைக் கணக்கிலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.