மணல் மைதானத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு என்ன விளையாட்டு?

தொண்டி டீச்சர்:
மூன்றாம் வகுப்பு, 22 பிள்ளைகள். உடற்கல்விக்குத் தனி ஆசிரியர் இல்லை, நான்தான். மைதானம் முழுக்கக் கடல் மணல். பந்து எழும்புவதே இல்லை. பதினொரு மணிக்கெல்லாம் கால் சுடுகிறது. என்ன விளையாட வைக்கலாம்?

பாம்பன்காரர்:
கிளித்தட்டு ஆடவிடுங்கள் டீச்சர், கோடு போட்டு, கோட்டில் நின்று மறிப்பவர் கையில் படாமல் தாண்டி ஓடும் ஆட்டம். பழைய வலைக்கயிற்றைப் பாதி புதைத்துவிட்டால் கோடு அழியாது. கால் புதைவதால் சீக்கிரமே மூச்சு வாங்கும், அடிக்கடி உட்கார வையுங்கள். முதலில் சிப்பி, முள்ளைப் பொறுக்கிவிடுங்கள். என் மகள் பாதத்தைக் கிழித்துக்கொண்டு வந்த நாளை இன்னும் மறக்க முடியவில்லை.

மண்டபம் அப்பா:
5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலை முதல் பாடவேளையைக் கேட்டு வாங்குங்கள்.

தொண்டி டீச்சர்:
சரி, கயிறு நாளைக்கே கிடைத்துவிடும். பாதிப் பிள்ளைகள் மீனவர் வீடுதானே!