நெப்போலியன் போர்களுக்கு ஒரு மின்தொகுப்பு: கை வைத்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

நெப்போலியன் காலப் போர்களின் மூல ஆவணங்களை, அதாவது கடிதங்கள், போர் அறிக்கைகள், வரைபடங்கள், படைப் பதிவேடுகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தேடிப் பார்க்கிற மாதிரி தொகுக்கும் வேலையில் நண்பர்கள் சிலரோடு இருக்கிறேன். நூல்கள் கிடைப்பது ஒன்றும் கஷ்டமில்லை. பிரெஞ்சு தேசிய நூலகத்தின் கல்லிக்கா தளத்திலும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் 19ஆம் நூற்றாண்டு அச்சுகள் கொட்டிக் கிடக்கின்றன. தலைவலி எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதலில் தேதி. ரஷ்ய, ஆஸ்திரியப் படைகளை நெப்போலியன் தோற்கடித்த ஆஸ்டர்லிட்ஸ் போர் நடந்தது 1805 டிசம்பர் 2. பிரெஞ்சுப் படையின் காகிதங்களில் அது, புரட்சிக்குப் பின் வந்த குடியரசு நாட்காட்டிப்படி, 14ஆம் ஆண்டு, ஃப்ரிமேர் மாதம் 11. ரஷ்யர்கள் ஜூலியன் நாட்காட்டியை விடாமல் வைத்திருந்ததால் அவர்களுக்கு அன்று நவம்பர் 20. ஆஸ்திரியர்களுக்கு மட்டும்தான் நம் கணக்குப்படி டிசம்பர் 2. ரஷ்யத் தளபதி ஒருவர் போர் முடிந்த மறுநாள் எழுதிய கடிதத்தை அதில் உள்ள தேதிப்படியே வரிசையில் போட்டால், சண்டை தொடங்குவதற்குப் பதினொரு நாள் முன்பே தோல்விக்குக் காரணம் சொல்லிக்கொண்டிருப்பார்! அதனால் இரண்டு கட்டங்கள் வைத்தோம். காகிதத்தில் உள்ள தேதி ஒன்றில், இன்றைய கணக்கு இன்னொன்றில். முதல் கட்டத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. 1806 ஜனவரி 1 முதல் பிரான்ஸ் நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கே திரும்பிவிட்டதால், அதற்குப் பிந்தைய காகிதங்களில் ரஷ்யத் தேதிகளை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

உண்மையான சண்டை எங்களுக்குள் வந்தது எண்ணிக்கையில். 1807 பிப்ரவரியில் ஐலாவ் என்ற இடத்தில் பனிப்புயலுக்கு நடுவே நடந்த போரைப் பற்றி நெப்போலியனின் அதிகாரபூர்வ அறிக்கை, தன் பக்கத்தில் இறந்தவர் 1,900, காயம்பட்டவர் 5,700 என்கிறது. இன்றைய வரலாற்றாசிரியர்கள் சொல்லும் இழப்பு இதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 'புல்லட்டின்' எனப்பட்ட இந்த அறிக்கைகளின் பெயரே கெட்டுப்போய், பிரெஞ்சில் 'புல்லட்டின் மாதிரி பொய் சொல்கிறான்' என்று ஒரு சொலவடையே உண்டு. எங்கள் குழுவில் ஒருவர், பொய் என்று தெரிந்த எண்ணை ஏன் ஏற்ற வேண்டும், சரியானதைப் போடலாமே என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பேரரசர் என்ன பொய் சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார் என்பதும் ஆவணம்தான். இப்போது ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் சொன்னவர் யார், எப்போது என்று இருக்கிறது. ஒரே போருக்கு நான்கு எண்கள் வந்தால் நான்கும் இருக்கட்டும்.

இன்னொன்று. நெப்போலியன் கடிதங்கள் என்று எல்லோரும் எடுப்பது 1858 முதல் 1869 வரை வந்த 32 தொகுதிகளை. இலவசமாகக் கிடைக்கிறது, தேட வசதி. ஆனால் அது அவருடைய தம்பி மகன் மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் வந்த பதிப்பு. குடும்பத்துக்குச் சங்கடம் தரும் கடிதங்கள் பலவற்றை விட்டுவிட்டார்கள். 2004க்கும் 2018க்கும் இடையில் நெப்போலியன் அறக்கட்டளை 15 தொகுதிகளாகக் கொண்டுவந்த புதிய பதிப்பில் 40,000க்கும் மேற்பட்ட கடிதங்கள் உள்ளன. பழையதை மட்டும் ஏற்றிவிட்டு 'முழுத் தொகுப்பு' என்று பலகை மாட்டாதீர்கள்.

மற்றவர்களும் எழுதுங்கள்.

*

நான் ஆங்கிலேயர் பக்கத்து ஆவணங்களில் வேலை பார்த்தேன். எனக்குத் தொல்லை கொடுத்தது ஆட்களின் பெயர். வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1797இல் இந்தியாவுக்கு வரும்போது அவர் ஆர்தர் வெஸ்லி. அடுத்த வருடம் குடும்பமே பெயரை வெல்லெஸ்லி என்று மாற்றிக்கொண்டது. ஸ்ரீரங்கப்பட்டணம், அசாயே எல்லாம் அந்தப் பெயரில்தான். 1809இல் ஸ்பெயினில் தலவேரா போருக்குப் பிறகுதான் வெலிங்டன். டியூக் ஆனது 1814இல். போதாததற்கு 'வெல்லெஸ்லி' என்று தேடினால் கவர்னர் ஜெனரலாக இருந்த அண்ணன் ரிச்சர்டும் வந்து விழுவார். சென்னை ஜார்ஜ் கோட்டையிலிருந்து போன கடிதங்களில் எது அண்ணனுக்கு, எது தம்பிக்கு என்று பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆளுக்கு ஒரு எண் கொடுத்து, பெயர்களையெல்லாம் அதன் கீழ் கட்டிவிடுங்கள். வேறு வழியில்லை.

ஓசிஆர், அதாவது ஸ்கேன் செய்த பக்கத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள் பற்றி: 1800க்கு முந்தைய ஆங்கில அச்சில் நீளமான 'எஸ்' எழுத்து 'எஃப்' போலவே இருக்கும். மென்பொருள் அதை எஃப் என்றே படித்து வைக்கும். தேடினால் கிடைக்காது, ஆனால் பக்கத்தில் இருக்கும்.

*

தளபதிகளையே பேசிக்கொண்டிருக்கிறீர்களே, சிப்பாய்களைப் பற்றியும் சொல்கிறேன். பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் தளத்தில் அந்தக் காலத்துக் காலாட்படைப் பதிவேடுகளின் ஸ்கேன்கள் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு பத்தி. அப்பா அம்மா பெயர், பிறந்த ஊர், உயரம், அப்புறம் முகம், நெற்றி, கண், மூக்கு, வாய், மோவாய் என்று வரிசையாக அங்க அடையாளம். தப்பி ஓடினால் பிடிக்க வேண்டுமே, அதற்குத்தான். கடைசிக் கட்டத்தில்தான் அவன் கதை. 1812 ரஷ்யப் படையெடுப்பில் போனவர்களுக்குப் பக்கம் பக்கமாக ஒரே மாதிரி வாசகம்: பின்தங்கிவிட்டான், போர்க்கைதியாக இருக்கலாம், நீண்ட நாள் வராததால் பட்டியலிலிருந்து நீக்கம். எங்களோடு படியெடுத்த ஒருவர் இவர்களையெல்லாம் 'இறந்தவர்' என்று போட்டுக்கொண்டே போனார். நிறுத்தச் சொன்னேன். நீக்கப்பட்டவன் இறந்தவன் ஆகிவிட மாட்டான். 1857இல் உயிரோடு இருந்த பழைய வீரர்களுக்கு செயின்ட் ஹெலினா பதக்கம் கொடுத்தார்கள், சுமார் 4 லட்சம் பேருக்கு. அந்தப் பட்டியல்களைத் தன்னார்வலர்கள் இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். ஊரையும் பெயரையும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால், ரஷ்யாவில் காணாமல் போனதாக நீக்கப்பட்டவன் தன் சொந்த ஊரில் கிழவனாகப் பதக்கம் வாங்குவது அங்கங்கே தட்டுப்படுகிறது.

ஒரு எச்சரிக்கை: ஒரே கிராமத்தில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். அம்மாவின் பெயரும் ஒத்துப்போனால் ஒழிய நாங்கள் இணைப்பதில்லை. அப்போதும் 'இவராக இருக்கலாம்' என்றுதான் குறிக்கிறோம்.

*

முதல் பதிவு எழுதியவன்தான். அந்த 'இருக்கலாம்' கட்டம் எங்களிடம் இல்லை, சேர்த்துவிடுகிறேன். 1812 வெப்பநிலை ஏற்றியவர் யாராவது உண்டா? அந்தப் படையெடுப்பில் நெப்போலியனின் படை கரைந்துபோனதைக் காட்டி, பிரெஞ்சுப் பொறியாளர் மினார்ட் 1869இல் வரைந்த புகழ்பெற்ற படத்தில் குளிர் ரெயோமூர் என்ற பழைய வெப்ப அளவில் இருக்கிறது. அதில் மைனஸ் 30 என்றால் செல்சியஸில் மைனஸ் 37.5. மூல அளவையும் வைத்துக்கொண்டீர்களா, மாற்றியதை மட்டுமா?