பொறியியல் கலந்தாய்வு: கம்ப்யூட்டர் சயின்ஸை இன்னும் முதலில் போடலாமா?

வேளச்சேரி அம்மா
மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். விருப்பப் பட்டியலில் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் முதலில் என்கிறாள். 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாகச் சொன்னதிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை. மெக்கானிக்கல் போடச் சொல்லலாமா?

அம்பத்தூர் பட்டறை
தாராளமாகச் சொல்லுங்கள் அம்மா. தொழிற்பேட்டையில் அச்சும் கருவிகளும் செய்யும் சின்ன டூல் ரூம் நடத்துகிறேன். டிராயிங்கைப் பார்த்து, கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரத்துக்கு புரோகிராம் போட்டு, முதல் பீஸை மைக்ரோமீட்டரில் அளந்து ஓகே பண்ணத் தெரிந்த ஆள் கிடைப்பதே இல்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்கும் இதே ஆட்கள்தான் வேண்டும். ஏஐ கோடு எழுதும், டையில், அதாவது அச்சில், விழுந்த விரிசலைச் சரிசெய்யாது.

ஓஎம்ஆர் வாசி
சார், ஆலை வேலை நிரந்தரம் என்று நம்ப வைக்காதீர்கள். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-ல் உற்பத்தி தொடங்கியது, 2014-ல் மூடியது. மறைமலைநகர் ஃபோர்டு 2022-ல் நின்றது. நோக்கியாவில் வேலை இழந்தவர்களில் நிறையப் பேர் இளம்பெண்கள்.
சாஃப்ட்வேரில் ஏஐ எடுத்துக்கொள்வது மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்ட் ஸ்கிரிப்ட், சின்னச் சின்னத் திருத்தம் போன்றவற்றை. வங்கிக் கடன் கணக்கு எப்படி ஓடுகிறது என்று புரிந்து, ஏஐ எழுதிய கோடில் தப்பு எங்கே என்று பிடிப்பவருக்கு மதிப்பு கூடியிருக்கிறது. வெளிநாட்டு நிறுவனங்களின் சொந்த மையங்கள், அதாவது ஜிசிசிகள், அப்படிப்பட்டவர்களைத்தான் தேடுகின்றன.

2024 பேட்ச்
அண்ணா, அந்தச் சின்ன வேலைகளைச் செய்துதானே உங்கள் தலைமுறை பெரிய வேலையைக் கற்றுக்கொண்டது? முன்பெல்லாம் எந்தப் பிரிவில் படித்தவரையும் எடுத்து, மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்து, அப்புறம் புராஜெக்டில் உட்கார வைத்தார்கள். எங்களுக்கு ஆஃபர் லெட்டர் வந்தது. சேரும் தேதி தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் மெயிலுக்குப் பதிலே இல்லை. ஜிசிசி விளம்பரத்தைத் திறந்தால் மூன்று வருட அனுபவம் கேட்கிறார்கள். அதை எங்கே போய்ச் சம்பாதிப்பது? ஏணியின் முதல் படியையே கழற்றிவிட்டார்கள்.

ஓஎம்ஆர் வாசி
உங்கள் கோபம் நியாயம். ஆனால் அதற்காகத் துறையையே விடக் கூடாது. இரண்டாம் ஆண்டிலேயே இன்டர்ன்ஷிப், யார் வேண்டுமானாலும் சேர்ந்து எழுதும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் என்று இறங்க வேண்டும். 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரிக்குள்ளேயே திறன் பயிற்சி இருக்கிறதே.

2024 பேட்ச்
அதையும் முடித்தேன். நேர்காணலில் சான்றிதழை யாரும் புரட்டக்கூட இல்லை. "நீங்களாகச் செய்தது என்ன?" என்றுதான் கேட்டார்கள். அதைச் சொல்லித்தர எங்கள் கல்லூரியில் ஆளில்லை.

அம்பத்தூர் பட்டறை
அதற்குத்தான் அப்ரன்டிஸ்ஷிப் இருக்கிறது தம்பி. தரமணியில் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் இருக்கிறது. பிஇ, டிப்ளமோ முடித்தவர்களுக்கு உதவித்தொகையோடு ஒரு வருடப் பயிற்சி.

ஓஎம்ஆர் வாசி
அந்த வருடம் முடிந்ததும் எத்தனை பேரை நிரந்தரமாக்குகிறார்கள்? அடுத்த பேட்சை எடுத்துக்கொள்கிறார்கள்.

அம்பத்தூர் பட்டறை
பெரிய ஆலைகளில் அது நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கையில் கற்ற வேலையை யாரும் திருப்பி வாங்க முடியாது.

வேளச்சேரி அம்மா
எல்லாவற்றையும் மகளும் படித்தாள். பட்டியலில் உள்ள கல்லூரிகளில் மூன்றாம் ஆண்டு மாணவர்களைப் பிடித்து, யாருக்கு எங்கே இன்டர்ன்ஷிப் கிடைத்தது என்று விசாரிக்கப் போகிறாளாம். கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் முதலில் என்பதில் மட்டும் மாற்றமில்லை. எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை.