முழுநேர ஆள் வைக்க வசதியில்லை: வீட்டு உதவிக்கு என்ன வழி?

ஜன்னலோரம் (கேள்வி)

வணக்கம். எனக்கு முதுகுத்தண்டில் அடிபட்டு மார்புக்குக் கீழே அசைவும் உணர்ச்சியும் இல்லை (டி5, அதாவது மார்புப் பகுதி முதுகெலும்புகளில் மேலிருந்து ஐந்தாவது). கைகள் இரண்டும் நன்றாக வேலை செய்யும். வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன். இதுவரை எனக்கு எல்லாம் அம்மாதான். காலையில் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவது, குளியல், துணி, வீடு பெருக்கித் துடைப்பது, ராத்திரி புரட்டிப் படுக்க வைப்பது என்று ஒன்றையும் விடாமல் செய்தார். இப்போது அவருக்கு இடுப்பு போய்விட்டது. இனி பாரம் தூக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஏஜென்சியில் கேட்டால் 12 மணி நேர ஆள், இல்லையென்றால் 24 மணி நேர ஆள், இரண்டில் ஒன்றுதான் என்கிறார்கள். அந்தத் தொகைக்கு என் சம்பளம் எட்டவே எட்டாது. வீட்டு வேலைக்கு வருகிறவர்களிடம் கேட்டால், "ஆளைத் தூக்குறது எல்லாம் எங்களுக்குத் தெரியாதும்மா" என்று கிளம்பிவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் ஏதாவது வழி உண்டா? கட்டுப்படியாகிற மாதிரி யாராவது ஆள் வைத்திருக்கிறீர்களா? எங்கே தேடினீர்கள், என்ன பேசி முடித்தீர்கள்? புது ஆளிடம் உடம்பை ஒப்படைக்கும் பயம் எப்படிப் போனது?

மெதுநடை

எனக்குத் தசைச் சிதைவு நோய். ஏஜென்சி வழியாக ஆள் எடுத்தால், நீங்கள் கட்டும் பணத்தில் வருகிறவர் கையில் எவ்வளவு சேருகிறது என்று அவர்களிடமே கேட்டுவிடுங்கள். ஆள் வராத நாளில் மாற்று ஆள் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். இந்த இரண்டுக்கும் சரியான பதில் வராவிட்டால் ஏஜென்சிக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தமே இல்லை. நான் நேரடியாகத்தான் வைத்திருக்கிறேன். பிசியோதெரபி நடக்கும் இடங்களில் சொல்லி வையுங்கள். அங்கே வரும் குடும்பங்களுக்கு எப்போதும் யாரையாவது தெரிந்திருக்கும்.

நாற்காலிக்காரி

தங்கச்சி, உங்களுக்கும் எனக்கும் காயம் ஏறக்குறைய ஒரே உயரத்தில். பல வருடமாகத் தனியாகத்தான் இருக்கிறேன். உதவிக்கு வருகிறவர்களை நானே தேடி நானே பழக்கி வைத்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஆள் தேடுவதற்கு முன் ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். அம்மா உங்களுக்காகச் செய்யும் ஒவ்வொரு வேலையும் எத்தனை நிமிடம் பிடிக்கிறது, அதை அந்த நேரத்தில்தான் செய்தாக வேண்டுமா அல்லது எப்போது செய்தாலும் சரியா என்று குறித்துக்கொண்டே வாருங்கள். அம்மா நாள் முழுக்க வீட்டில் இருந்ததால்தான் நாள் முழுக்க ஆள் வேண்டும் என்று தோன்றுகிறது. கை பலம் முழுதாக உள்ள டி5 காரருக்கு இன்னொருவரின் கை கட்டாயம் தேவைப்படும் நேரம் பெரும்பாலும் காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. பெருக்குவது, துவைப்பது, அலமாரி அடுக்குவது எல்லாம் மதியம் நடந்தாலும் மறுநாள் நடந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. இரண்டையும் ஒரே ஆளின் தலையில் கட்டும்போதுதான் செலவு ஏறுகிறது, நல்ல ஆளும் ஓடிவிடுகிறார்.

நான் பிரித்துத்தான் வைத்திருக்கிறேன். வீட்டு வேலைக்கு ஒருவர் வாரத்தில் சில நாள் மட்டும் வருவார். என் உடம்பைத் தொட்டுச் செய்யும் வேலைக்கு இரண்டு பேர், வாரத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு காலையிலும் ராத்திரியும் வந்து போகிறார்கள். மணிக்கணக்கில் பார்த்தால் இவர்களுக்குக் கொடுக்கும் சம்பளம் அதிகம்தான். ஆனாலும் மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால், நாள் முழுக்க ஒருவரை உட்கார வைப்பதைவிடக் கணிசமாகக் குறைவாகத்தான் வருகிறது. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவர் வந்துவிடுவார். ஒரே ஆளை நம்பியிருந்தால் அவர் வராத நாள் நாம் கட்டிலிலேயே கிடக்க வேண்டியதுதான்.

நேரத்தைக் குறைக்க இன்னொரு வழி, மலம் கழிக்கும் நேரத்தை நிலைப்படுத்துவது. சாப்பிட்டு 20, 30 நிமிடத்தில் குடல் தானாகவே கொஞ்சம் வேகம் எடுக்கும். அதைப் பயன்படுத்தி தினமும் அல்லது ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒரே நேரத்தில் உட்கார்ந்து பழகினால், சில வாரங்களில் உடம்பு ஓரளவு கட்டுக்குள் வரும். டாக்டரிடமோ மறுவாழ்வு நர்ஸிடமோ கேட்டு இதை ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள். இது நிலைப்படாதவரை உதவியாளரின் நேரமும் நிலைப்படாது. திடீர் திடீரென்று கூப்பிட வேண்டியிருந்தால் பகுதிநேர ஏற்பாடே உடைந்துவிடும்.

அடுத்தது சாமான். கட்டில் உயரமும் நாற்காலி சீட் உயரமும் ஒன்றாக இருந்தால், வழுக்குப் பலகை போட்டு நீங்களே நகர்ந்துவிடலாம், பக்கத்தில் ஒருவர் துணைக்கு நின்றால் போதும். அம்மா உங்களைத் தூக்கியிருக்கவே வேண்டாம் என்று நினைக்கும்போது எனக்கு மனசு வலிக்கிறது. எத்தனை வீடுகளில் இதைச் சொல்லித்தர ஆளில்லாமல் அம்மாக்களின் முதுகு போயிருக்கிறது! ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டை (அன்றாட வேலைகளை நாமே செய்யப் பழக்கி, வீட்டையும் சாமானையும் அதற்கேற்ப மாற்றச் சொல்லித்தருபவர்) வீட்டுக்கு ஒரு தடவையாவது அழைத்து வாருங்கள். கட்டில் கால், குளியல் நாற்காலி, கைப்பிடி என்று அவர் சொல்லும் மாற்றங்களுக்கு ஒரு தடவைதான் செலவு. ஆள் சம்பளம் மாதா மாதம் போகும். பலகையில் நகரவே முடியாதவர்களுக்கு, தூக்கும் கருவி ஒன்று இருந்தால் பல வீடுகளில் இரண்டு ஆள் செய்யும் வேலையை ஒருவரே பாதுகாப்பாகச் செய்துவிடுவார்.

நர்ஸிங் படித்தவர்தான் வேண்டும் என்று தேடாதீர்கள். உங்கள் உடம்பைப் பற்றி உங்களைவிட நன்றாகச் சொல்லித்தர யாராலும் முடியாது. பொறுமையாகக் கேட்கிறாரா, நேரத்துக்கு வருகிறாரா, செய்வதற்கு முன் உங்களைக் கேட்டுவிட்டுத் தொடுகிறாரா என்பதை மட்டும் கவனியுங்கள். முதல் பேச்சு நேரிலேயே நடக்கட்டும், நம் பக்கம் ஒருவர் கூட இருக்கட்டும். பிறகு ஒரு நாள் சம்பளத்தோடு வேலை செய்யச் சொல்லிப் பாருங்கள். முன்பு வேலை பார்த்த வீட்டுக்காரரிடம் நான் கேட்பது ஒரே கேள்வி, "மறுபடி வேலைக்கு வர்றேன்னு சொன்னா எடுத்துப்பீங்களா?" பதில் வருவதற்கு முன் கொஞ்சம் தயங்கினாலே விஷயம் புரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். டி6-லோ அதற்கு மேலேயோ காயம் உள்ள நம் போன்றவர்களுக்கு ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா வரலாம். மூத்திரப்பை நிரம்பினாலோ, மூத்திரம் வெளியேற்றும் கதீட்டர் குழாய் மடங்கினாலோ, மலம் அடைத்தாலோ ரத்த அழுத்தம் விறுவிறுவென்று ஏறும். தலை இடிக்கும், முகம் சிவக்கும், காயத்துக்கு மேலே வியர்க்கும். உடனே நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், இறுக்கமான துணியைத் தளர்த்த வேண்டும், குழாயைப் பார்க்க வேண்டும். காரணம் கிடைக்காவிட்டால், அல்லது சரிசெய்தும் அழுத்தம் இறங்காவிட்டால், ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். நமக்குச் சாதாரணமாகவே அழுத்தம் குறைவாக இருக்கும். அதனால் மற்றவர்களுக்குச் சரியான அளவுகூட நமக்கு அபாயமாக இருக்கலாம். இதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டியிருக்கிறேன். புதிதாக வருகிறவரை முதல் நாளே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுவேன்.

சம்பளத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். செலவைக் குறைக்க மணி நேரத்தைக் குறைக்கலாம், அவருடைய கூலியைக் குறைக்கக் கூடாது. வீட்டு வேலை செய்பவர்களுக்காக 2011-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 189-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. வேலை, நேரம், கூலி என்னவென்று அவருக்குப் புரியும்படி தெரிவிக்க வேண்டும், முடிந்தவரை எழுத்திலேயே இருக்க வேண்டும், வாரத்தில் தொடர்ச்சியாகக் குறைந்தது 24 மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்கிறது அது. நான் ஒரே ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுவோம். தங்க அறை கொடுத்து வேலை வாங்குவதாக இருந்தால் இந்தக் காகிதம் இன்னும் முக்கியம். கூடவே தங்கினால் எது வேலை நேரம், எது அவருடைய நேரம் என்ற எல்லை அழிந்துவிடும்.

வேலைக்குப் போறவ

நான் இந்த வேலைதான் பாக்குறேன். எங்க பக்கத்தையும் கேட்டுக்கோங்க. நாங்க வேலைய விட்டு நிக்கிறதுக்கு முதல் காரணம் முதுகு வலி. பலகை, பெல்ட்டு எதுவுமே இல்லாம "சும்மா ஒரு கை குடும்மா"ன்னு தூக்கச் சொன்னா எத்தன நாளைக்குத் தாங்கும்? ரெண்டாவது, பேசின வேலைக்கு மேல வேலை. அக்காவப் பாத்துக்கத்தான் கூப்பிட்டாங்க, பத்து நாள் கழிச்சுப் பாத்தா வீட்ல இருக்குற அத்தன பேரு துணியும் நான்தான் தொவைக்கிறேன். மூணாவது, ஒரே வீட்ல நாலு முதலாளி. அக்கா ஒண்ணு சொல்லுவாங்க, அண்ணன் வந்து வேற சொல்லுவாரு. யாரப் பாக்குறேனோ அவங்க வாய்ல இருந்து சொல்லு வந்தா எனக்கும் சுலபம், அவங்களுக்கும் மரியாத. நேரத்துக்கு சம்பளம் குடுத்து பேரச் சொல்லிக் கூப்புடுற வீட்ட நாங்க சீக்கிரத்துல விட மாட்டோம். பக்கத்துத் தெருவுல இன்னொரு வீடு சேத்துப் பிடிச்சுக் குடுத்தீங்கன்னா, போக்குவரத்து மிச்சமாகும், ஒரு மணி நேர வேலைக்குக்கூட வருவோம்.

மெதுநடை

அக்கா சொன்ன கடைசி விஷயம் அருமை. எங்கள் குடியிருப்பில் எனக்கும் ஒரு வயதானவருக்கும் ஒரே உதவியாளர்தான். என் வீட்டில் வேலை முடிந்ததும் அங்கே போவார். தனித்தனியாகத் தேடியிருந்தால் இருவருக்குமே கிடைத்திருக்க மாட்டார்.

நாற்காலிக்காரி

இதைப் பெரிய அளவில் செய்தவர்களும் உண்டு. 1984-ல் ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோமில் மாற்றுத்திறனாளிகளே கூடி ஒரு கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். யாரை வேலைக்கு எடுப்பது, எப்படிப் பழக்குவது என்பதை அந்தந்த உறுப்பினரே முடிவு செய்வார். 1994-ல் தனி உதவியாளர் பெறுவதை அந்த நாடு சட்டப்படி உரிமையாகவே ஆக்கியது. 2006-ல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19-ஆவது பிரிவும் தனி உதவியாளரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அதனால் உங்கள் பகுதியில் உதவியாளர் படி ஏதாவது இருக்கிறதா என்று நலத்துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். இல்லை என்று வாயால் சொன்னால் நம்பிவிடாதீர்கள். மனு கொடுத்து எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ஜன்னலோரம்

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விவரமாக யாரும் எனக்குச் சொன்னதே இல்லை. நோட்டுப் போட ஆரம்பித்துவிட்டேன். ஒன்று மட்டும் குழப்பமாக இருக்கிறது. பகலை இப்படிச் சமாளித்துவிடலாம். ராத்திரி? படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அம்மா எழுந்து புரட்டிவிடுகிறார். அதற்கு யார் வருவார்?

நாற்காலிக்காரி

அதற்காக ஆள் வைக்க முடியாது, வைக்கவும் வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன். கட்டிலுக்கு இருபுறமும் கம்பி போட்டால், கையால் பிடித்து நீங்களே பக்கம் திரும்பப் பழகலாம். டி5-ல் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். பிசியோதெரபிஸ்ட் கூட இருந்து சொல்லித்தர வேண்டும். கால்களை இழுத்துக்கொள்ள, முழங்காலில் மாட்டும் பட்டை ஒன்று உண்டு. கூடவே காற்று மாறி மாறி நிரம்பும் மெத்தை போட்டால் இடைவெளியைக் கொஞ்சம் நீட்டலாம், ஆனால் ஒரே இரவில் நீட்டிவிடாதீர்கள். முதலில் அரை மணி நேரம் கூட்டி, காலையில் வால் எலும்பு, இடுப்பெலும்பு முனை, குதிகால் மூன்றையும் உதவியாளரைப் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது கைபேசியில் படம் எடுத்துத் தரச் சொல்லி நீங்களே பாருங்கள். சிவப்போ நிறமாற்றமோ இருந்து விரலால் அழுத்தியும் மாறாமல் அப்படியே நின்றால், பழைய இடைவெளிக்கே திரும்பிவிட்டு நர்ஸிடம் காட்டுங்கள். இரண்டு மூன்று நாள் சுத்தமாக இருந்தால் மட்டும் அடுத்த அரை மணி நேரம்.

மெத்தை வாங்குவதற்கு முன் சில நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். சிலவற்றில் மோட்டார் சத்தத்தில் தூக்கமே வராது. மின்சாரம் நின்றால் காற்று எவ்வளவு நேரம் நிற்கும் என்பதையும் கடையில் கேளுங்கள். நோட்டில் ஒரு வாரம் முடிந்ததும் இங்கே போடுங்கள், எந்த எந்த மணி நேரத்துக்கு ஆள் வேண்டும் என்று சேர்ந்தே பிரித்துப் பார்க்கலாம்.