டெக்சாஸ்ல டீச்சரா சேர்ந்தா ஸ்டேட்டே லோன் கட்டுமா?

கேட்டி அம்மா:
பொண்ணு மேத்ஸ் முடிச்சு சர்ட்டிஃபிகேஷனும் வாங்கிட்டா, ஆகஸ்ட்லேர்ந்து ஹூஸ்டன்ல ஒரு ஹைஸ்கூல்ல வேலை. ஃபெடரல் லோன் 26,000 டாலர் நிக்குது. டீச்சர்னா கவர்மெண்டே அடைச்சிடும்னு யாரோ சொல்ல, எங்க வீட்டுக்காரர் இப்பவே அவளுக்கு கார் பார்க்க ஆரம்பிச்சுட்டாரு. நிஜமாவா?

சயின்ஸ் டீச்சர்:
அக்கா, காரை நிறுத்தி வைக்கச் சொல்லுங்க 😄 ஸ்டேட்டோடது டீச் ஃபார் டெக்சாஸ். வருஷம் 2,500 டாலர் வரைக்கும், அதிகபட்சம் 5 வருஷம். ஆள் பத்தாத சப்ஜெக்டா இருக்கணும் இல்ல ஏழைப் பிள்ளைங்க நிறைய படிக்கிற ஸ்கூலா இருக்கணும். முதல்ல ஒரு வருஷம் வேலை பார்த்து முடிச்சுட்டுத்தான் அப்ளிகேஷன், அதுவும் வருஷா வருஷம் போடணும், ஃபண்டு தீர்ந்துட்டா தகுதி இருந்தும் கை விரிச்சிடுவாங்க. வந்தா லாபம்னு வச்சுக்கோங்க, நம்பி உக்காராதீங்க.

பெரிய தொகை ஃபெடரல்லதான் இருக்கு, டீச்சர் லோன் ஃபர்கிவ்னஸ்னு பேரு. ஏழைப் பிள்ளைங்க அதிகம் படிக்கிற ஸ்கூல்னு கவர்மெண்ட் வச்சிருக்கற லோ இன்கம் லிஸ்ட்ல இருக்கற ஸ்கூல்ல விடாம 5 வருஷம் ஃபுல் டைம் இருந்தா ஹைஸ்கூல் மேத்ஸ், சயின்ஸுக்கு 17,500 வரை, ஸ்பெஷல் எஜுகேஷனுக்கும் அதேதான், மத்தவங்களுக்கு 5,000. நாலு வருஷத்துல கிளம்பினா பைசா கிடையாது.

டாலஸ் அண்ணாச்சி:
பப்ளிக் சர்வீஸ் லோன் ஃபர்கிவ்னஸை யாரும் சொல்லலையே? 120 மாசத் தவணை கட்டினா மிச்சம் தள்ளுபடி, எந்த பப்ளிக் ஸ்கூலானாலும் சரி.

சயின்ஸ் டீச்சர்:
அண்ணா அது லோன் பெருசா இருக்கறவங்களுக்கு. சாதாரண 10 வருஷ பிளான்ல கட்டினா 120 தவணைக்குள்ள கடனே முடிஞ்சிடும், தள்ளுபடி பண்ண என்ன இருக்கும், சம்பளத்துக்கு ஏத்த பிளான்ல இருந்தாத்தான் பிரயோஜனம். அப்புறம் அந்த 5 வருஷத்தை ரெண்டுலயும் காட்ட முடியாது. 26,000க்கு 17,500தான் நல்லது.

முன்னாள் வாத்தியார்:
டீச் கிராண்ட், அதான் டீச்சராகப் படிக்கிறவங்களுக்கு ஃபெடரல் கவர்மெண்ட் தர்ற உதவிப் பணம், வாங்கியிருக்காளான்னு கேளுங்க. படிப்பு முடிஞ்சு 8 வருஷத்துக்குள்ள 4 வருஷம் அந்த மாதிரி ஸ்கூல்ல வேலை பார்க்கலன்னா கிராண்ட் லோனா மாறிடும், வட்டி பணம் குடுத்த நாள்லேர்ந்து. நான் ரெண்டாவது வருஷமே ஐடிக்கு ஓடிட்டேன், என் தப்புதான், இன்னும் கட்டிட்டிருக்கேன்.

கேட்டி அம்மா:
கிராண்ட் வாங்கலையாம், தப்பிச்சோம். ஃபெடரல் ஸ்டூடண்ட் எய்ட் சைட்ல தேடினேன், ஸ்கூல் பேரு லிஸ்ட்ல இருக்கு. ஆனா அடுத்த வருஷம் எடுத்துட்டா?

சயின்ஸ் டீச்சர்:
முதல் வருஷம் லிஸ்ட்ல இருந்தா போதும் அக்கா, அதே ஸ்கூல்ல இருக்கற வரைக்கும் பின்னாடி வர்ற வருஷமும் கணக்குல சேரும். இப்பவே அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்து வைங்க.